ஹவாய்த் தீவுகளின் வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும்: இயலினமும் அயலினமும்

பசிபிக் பெருங்கடலின் நடுவே கிடக்கும் ஹவாய்த் தீவுகளுக்குச் செல்லும் ஒருவர், ஹொனலுலு நகரத்துப் பூங்கா ஒன்றில் அரைமணி நேரம் நின்றால் நான்கைந்து வகை வண்ணத்துப்பூச்சிகளைக் காணக்கூடும். செம்மஞ்சள் இறகில் கருவரி ஓடும் மன்னர் வண்ணத்துப்பூச்சி, முட்டைக்கோசுப் பாத்தியை நாடும் சிறு வெள்ளைப்பூச்சி, எலுமிச்சைச் செடியைச் சுற்றிவரும் வால் நீண்ட மஞ்சள் பூச்சி, அவரைப் பூவில் அமரும் சிறு நீலப்பூச்சி என அவை அழகாகவே இருக்கும். ஆயினும் இவற்றுள் ஒன்றேனும் அத்தீவுகளுக்கு உரியதன்று. எல்லாம் கடந்த இருநூறு ஆண்டுகளுக்குள், மனிதர் கொண்டுவந்த செடிகளையும் சரக்குகளையும் பற்றிக்கொண்டோ அவற்றைத் தொடர்ந்தோ வந்து சேர்ந்தவை.

அத்தீவுகளுக்கே உரிய வண்ணத்துப்பூச்சிகள் இரண்டே இரண்டு. ஆனால், அத்தீவுகளுக்கே உரிய அந்துப்பூச்சிகளோ ஏறத்தாழ 1,000 இனங்கள். அவற்றுள் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. பல ஒரே தீவில், ஒரே மலைச்சரிவில் மட்டும் வாழ்பவை. பகலில் கண்ணுக்குப் படுவது ஒன்று, தீவின் உண்மையான செல்வம் மற்றொன்று. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது என்பதையும், ஓர் உயிர் எங்கிருந்து வந்தது என்னும் ஒரே வினாவைக் கொண்டு அதனை மதிப்பிட்டுவிட முடியுமா என்பதையும் இவ்வுரையில் நோக்குவோம்.

சொற்களைப் பற்றிச் சில

மொழியவையின் நூலாதலால் சொற்களிலிருந்து தொடங்குவது முறை. வண்ணத்துப்பூச்சி, வண்ணாத்திப்பூச்சி, பட்டாம்பூச்சி என்று பகலில் பறப்பதற்கு நம்மிடம் பல பெயர்கள் உள்ளன. இரவில் பறப்பதற்கு உள்ளவை குறைவு. உள்ளவையும் அன்பாக இட்ட பெயர்கள் அல்ல. 'அந்து' என்பது முதன்மையாக நெற்குதிரில் பற்றும் பூச்சி. 'விட்டில்' என்பது விளக்கில் விழுந்து மாளும் பூச்சி; அச்சொல் வெட்டுக்கிளியையும் குறிப்பதுண்டு. ஆக, தமிழ் வழக்கில் இரவுப்பூச்சி என்றால் ஒன்று தானியத்தைக் கெடுப்பது, அல்லது அறியாமையால் அழிவது. ஹவாய் மொழியில் 'புலேலெஹுவா' என்னும் ஒரே சொல் வண்ணத்துப்பூச்சியையும் அந்துப்பூச்சியையும் சேர்த்தே குறிக்கும். அறிவியலும் அம்மொழியின் பக்கமே நிற்கிறது. இரண்டும் செதிலிறகிகள் என்னும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. வண்ணத்துப்பூச்சி என்பது அந்துப்பூச்சிகளின் பெருங்குடும்பத்தில் பகலுக்குப் பழகிய ஒரு கிளை மட்டுமே.

இனி, மற்றொரு சொல். மனிதர் துணையின்றி ஓரிடத்தை அடைந்து அங்கே நிலைத்த உயிரை 'இயலினம்' என்கிறோம். அவ்விடத்தில் மட்டுமே வாழ்வதாயின் அது 'அகணிய இனம்'. மனிதரின் செயலால் வந்து சேர்ந்ததை 'அயலினம்' என்று இவ்வுரையில் குறிக்கிறோம். 'வந்தேறி' என்னும் சொல்லைச் சில நூல்கள் ஆள்கின்றன. அச்சொல் மனிதர்மீது எறியப்படும்போது எவ்வாறு உறுத்தும் என்பதை இந்நாட்டில் வாழும் நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. பூச்சிகளுக்கும் அதனைப் பயன்படுத்தாமல் விடுவதில் இழப்பொன்றும் இல்லை. உயிரியலில் அது துல்லியமான சொல்லும் அன்று. ஏனெனில், காலத்தைப் போதிய அளவு பின்னோக்கித் தள்ளினால், எரிமலையிலிருந்து எழுந்த அத்தீவுகளில் வாழும் ஒவ்வோர் உயிரும் எங்கிருந்தோ வந்ததேயாகும்.

கடல் கடந்த சிலர்

அத்தீவுகள் எந்தக் கண்டத்தோடும் ஒருபோதும் இணைந்திருக்கவில்லை. அருகிலுள்ள கண்டமாகிய வட அமெரிக்கா 3,500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. கடலடியில் ஓரிடத்தில் எரிகுழம்பு மேலெழுந்துகொண்டேயிருக்க, அதன்மேல் பசிபிக் தட்டு மெல்ல வடமேற்காக நகர, ஒன்றன்பின் ஒன்றாகத் தீவுகள் பிறந்தன. இன்றுள்ள பெருந்தீவுகளில் மூத்ததாகிய கவாயி ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டு அகவையுடையது. இளையதாகிய ஹவாய்ப் பெருந்தீவு 10 இலட்சம் ஆண்டைக் கூட எட்டவில்லை; அதன் எரிமலைகள் இன்றும் உமிழ்கின்றன. கவாயிக்கு வடமேற்கே அதனினும் பழைய தீவுகள் தேய்ந்து தாழ்ந்து, மணல்திட்டுகளாகவும் பவளத்திட்டுகளாகவும் கிடக்கின்றன.

இத்தகைய இடத்தை ஒரு சிறு பூச்சி அடைவதற்குப் புயற்காற்றோ மிதக்கும் மரத்துண்டோ துணைசெய்திருக்க வேண்டும். அவ்வாறு வந்து பிழைத்தவை மிகச் சில. ஆனால், வந்த ஒவ்வொன்றும் வெற்றிடத்தைக் கண்டது. கும்பிடுபூச்சி இல்லை, எறும்பு கூட இல்லை. ஆம், ஹவாய்க்கு இயல்பான எறும்பினம் ஒன்றும் இல்லை என்பது வெப்பநாட்டில் வாழும் நமக்கு நம்புதற்கரிய செய்தி. கண்டத்தில் எறும்பும் வண்டும் செய்யும் வேலைகள் இங்கே ஆளின்றிக் கிடந்தன. வந்த சில பூச்சிகளின் வழித்தோன்றல்கள் அவ்வேலைகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு பல நூறு இனங்களாகப் பெருகின.

இதற்கு மிகச் சிறந்த சான்று ஹிப்போஸ்மோகோமா என்னும் பேரினம். இவை நெல்மணியளவே உள்ள சிறு அந்துப்பூச்சிகள். இதுவரை பெயரிடப்பட்டவையே 350க்கும் மேல். மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வாளர், இக்குடும்பம் ஹவாயில் கிளைக்கத் தொடங்கி ஏறத்தாழ 150 இலட்சம் ஆண்டுகள் ஆயின என்று 2014ஆம் ஆண்டில் அறிவித்தனர். அக்கணக்கு நம்மைச் சற்று நிறுத்தி எண்ண வைக்கிறது. குடியிருப்பவரின் அகவை வீட்டின் அகவையைவிட மும்மடங்கு! தாம் வாழ்ந்த பழைய தீவுகள் கடலுக்குள் தாழத் தாழ, இப்பூச்சிகள் புதிதாய் எழுந்த அடுத்த தீவுக்கு இடம்பெயர்ந்தே இன்றுவரை வந்துள்ளன.

புழுக்கள் கற்ற தொழில்கள்

ஹிப்போஸ்மோகோமாவின் புழு தன் பட்டிழையால் ஓர் உறை பின்னி, அதற்குள் உடலை மறைத்துக்கொண்டு அதனைச் சுமந்தே திரியும். நம் வீட்டுச் சுவர்களில் சாம்பல்நிறப் பைபோன்ற கூட்டை இழுத்துக்கொண்டு ஊரும் சிறு புழுவை மாணவர் பலரும் பார்த்திருப்பர், ஏறக்குறைய அத்தகையதே. ஆனால், ஹவாயில் அவ்வுறையின் வடிவங்கள் வியப்பளிப்பவை. சுருட்டைப் போன்றவை, கூம்பு போன்றவை, இருமுனையும் முறுக்கிய மிட்டாய்த் தாளைப் போன்றவை, சிப்பியைப் போன்றவை என ஒவ்வோர் இனமும் தன் தச்சுமுறையைத் தனியே வைத்துள்ளது.

உறையைவிட உணவு இன்னும் விந்தையானது. உலகெங்கும் அந்துப்பூச்சியின் புழு என்றால் இலை தின்பது, மரம் துளைப்பது, தானியம் அரிப்பது என்பதே பொதுவிதி. 2005ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்து டேனியல் ரூபினாஃபும் வில்லியம் ஹெய்ன்சும் வெளியிட்ட ஆய்வு இவ்விதியை உடைத்தது. அவர்கள் கண்ட ஹிப்போஸ்மோகோமா இனமொன்றின் புழு, இலையில் ஓய்ந்திருக்கும் சிறு நத்தையை அணுகி, பட்டிழையால் அதனை இலையோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது. பின்னர்த் தன் உறையிலிருந்து உடலை நீட்டி, ஓட்டுக்குள் புகுந்து நத்தையை உயிரோடு தின்கிறது. சிலந்தி வலையால் செய்வதை இது கயிற்றால் செய்கிறது எனலாம்.

2010இல் ரூபினாஃபும் பேட்ரிக் ஷ்மிட்ஸும் அறிவித்தது வேறொரு செய்தி. இதே பேரினத்தில் ஒரு டசனுக்குக் குறையாத இனங்களின் புழுக்கள் ஓடைநீருக்கு அடியிலும் உலர்ந்த பாறைமீதும் ஒன்றுபோலவே வாழ்கின்றன. அவற்றுக்குச் செவுள் இல்லை. காற்றுக் குமிழியைச் சேமித்து வைப்பதும் இல்லை. வெள்ளம் இழுத்துச் செல்லாதபடி பட்டிழையால் பாறையில் நங்கூரமிட்டுக்கொள்கின்றன. தவளை இரண்டு வாழ்க்கையை ஒன்றன்பின் ஒன்றாக வாழ்கிறது. இப்புழுவோ எந்த நேரத்திலும் எதனையும் தேர்ந்துகொள்கிறது.

2025ஆம் ஆண்டில் வெளியான கண்டுபிடிப்பே அனைத்திலும் அச்சமூட்டுவது. ஒவாஹு தீவின் மலைத்தொடர் ஒன்றில், மரப்பொந்துகளிலும் பாறையிடுக்குகளிலும் சிலந்தி கட்டிய வலையிலேயே ஒரு புழு குடியிருக்கிறது. வலையில் சிக்கிய பூச்சிகளின் மிச்சத்தைத் தின்று, எறும்பின் தலை, ஈயின் இறகு, வண்டின் கால் எனத் தின்றது போக எஞ்சிய உறுப்புகளை அளந்து பார்த்துத் தன் உறையின்மேல் ஒட்டிக்கொள்கிறது. சிலந்தி அதனை உணவென்று அறியாதிருக்க அது உதவுகிறது போலும். இருபதாண்டுகளுக்கும் மேலான தேடலில் 62 புழுக்களே கிடைத்துள்ளன. அவை அனைத்தும் ஏறத்தாழ 15 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் இருந்தவை. இன்று அவ்வலைகளைக் கட்டும் சிலந்திகள் அயலினத்தவை என்பதையும் இங்கே குறித்துவைப்போம். இக்குறிப்பு பின்னர் நமக்குத் தேவைப்படும்.

உடலை வளைத்து வளைத்து நடக்கும் காவடிப்புழுவைத் தோட்டத்தில் கண்டிருப்போம். அவ்வகையைச் சேர்ந்த யூபித்தீசியா என்னும் பேரினம் பிற நாடுகளில் பூவும் விதையும் தின்று வாழ்கிறது. ஹவாயிலோ, அதன் இனங்களுள் பெரும்பாலானவை வேட்டையாடுகின்றன. குச்சிபோல அசையாமல் இலையோரத்தில் நிற்கும் புழுவின் பின்னுடலை ஓர் ஈ தீண்டியவுடன், அது பின்னோக்கி வளைந்து முன்கால்களால் ஈயைக் கவ்விக்கொள்கிறது. அச்செயல் ஒரு நொடியின் பன்னிரண்டில் ஒரு பங்கில் முடிந்துவிடும். 1970களில் ஸ்டீவன் மாண்ட்கோமரி இதனைக் கண்டறிந்தபோது, காவடிப்புழு பதுங்கிப் பாய்ந்து இரைபிடிக்கும் என்று பூச்சியியலார் எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. கும்பிடுபூச்சி இல்லாத நாட்டில் அதன் வேலையைக் காவடிப்புழு எடுத்துக்கொண்டது.

இரு வண்ணத்துப்பூச்சிகள்

இயலினமாகிய இரு வண்ணத்துப்பூச்சிகளுள் பெரியது கமேஹமேஹா. செம்பும் கருமையும் கலந்த இறகுகளை உடையது. ரூரிக் என்னும் உருசியக் கப்பலில் உலகைச் சுற்றிய இயற்கையியலார் எஷ்ஷோல்ட்ஸ் 1821இல் இதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். தீவுகளை ஒன்றிணைத்த மன்னர் கமேஹமேஹாவின் பெயர் அதில் 'தமேஅமேஅ' என்றே பதிந்துள்ளது. பழைய ஹவாய் ஒலிப்பில் 'த'வும் 'க'வும் ஒன்றற்கொன்று மாறி வழங்கின. பிற்காலத்து எழுத்துமுறை 'க'வை நிலைநாட்டியது. பூச்சியின் பெயரோ அன்று மாலுமியர் காதில் விழுந்ததை அப்படியே காத்துவருகிறது. மொழி மாணவர்க்கு இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

இதன் புழு காஞ்சொறிக் குடும்பத்து இயற்செடிகளை, சிறப்பாக மாமக்கி என்னும் செடியை உண்பது. இலையின் ஓரத்தை வெட்டி மடித்துக் கூடாரம்போல் அமைத்து அதனுள் ஒளிந்திருக்கும். தொடக்கப்பள்ளி மாணவர் சிலர் முன்வைத்த கோரிக்கையின் பயனாக, 2009இல் இது ஹவாய் மாநிலப் பூச்சியாக ஏற்கப்பட்டது.

மற்றையது சிறு நீலப்பூச்சி. இறகின் அடிப்புறம் பச்சையாய் மின்னும். கோவா என்னும் வேலமர இனத்தின் பூவும், நம் விராலிச் செடியின் பூவும் காயும் அதன் புழுவுக்கு உணவு. விராலிமலை என ஊருக்கே பெயர் தந்த அதே விராலிதான். அச்செடி மனிதர் துணையின்றியே கடல்கடந்து ஹவாய் வரை பரவிய இயலினம்.

வந்து சேர்ந்தவை

அயலினங்களின் வரலாற்றை மன்னர் வண்ணத்துப்பூச்சியிலிருந்து தொடங்கலாம். வட அமெரிக்காவுக்கு உரிய இப்பூச்சி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹவாயில் நிலைபெற்றது. அதன் புழு பால்வடியும் எருக்கின் குடும்பத்துச் செடிகளை மட்டுமே உண்ணும். அச்செடிகள் ஹவாய்க்கு இயல்பானவை அல்ல. மனிதர் கொண்டுவந்து நட்ட பின்னரே பூச்சி வாழ முடிந்தது. இன்று ஹவாய்த் தோட்டங்களில் அதற்கு உணவாகும் செடிகளுள் ஒன்று, நாம் நன்கறிந்த எருக்கு. நாம் பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை தொடுப்பதுபோல, ஹவாய் மக்கள் அப்பூவின் நடுவிலுள்ள மகுடவடிவப் பகுதியைக் கோத்து 'லெய்' மாலை கட்டுகின்றனர். அத்தீவுகளின் கடைசி அரசியாகிய லிலியுஓகலானி விரும்பிய மலர் அது. நம் பள்ளித் தோட்டத்து எருக்கிலும் மஞ்சள், கருப்பு, வெள்ளை வரிகளோடு ஒரு புழு ஊர்வதைக் காணலாம். அது மன்னர் வண்ணத்துப்பூச்சியின் நெருங்கிய உறவினம்.

ஒவாஹுவில் இப்பூச்சியின் வெள்ளைநிற வகையொன்று உண்டு. செம்மஞ்சள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெண்மையாக இருக்கும். 1960களில் இரு சின்னான் இனங்கள் அங்கே நிலைகொண்டன. ஆசியாவிலிருந்து கூண்டுப்பறவைகளாகச் சென்றவை. நம் ஊர்களில் பப்பாளிப் பழம் கொத்தும் அதே கொண்டைச் சின்னான்கள்தாம். நஞ்சுடைய மன்னர் வண்ணத்துப்பூச்சியை அவை தயங்காமல் உண்டன. அதற்குப் பின்னரே வெள்ளை வகை பெருகியது என்றும், பறவைகள் செம்மஞ்சளை மிகுதியாகத் தேர்ந்து உண்டமையே காரணம் என்றும் 1990இல் வெளியான ஓர் ஆய்வு கருதியது. அமெரிக்கப் பூச்சி, ஆசியச் செடி, ஆசியப் பறவை ஆகிய மூன்றும் தம் தாயகத்தில் ஒருபோதும் இவ்வாறு கூடியதில்லை. பசிபிக் தீவொன்றில் சந்தித்து, புதியதொரு நாடகத்தை நடத்துகின்றன.

வேண்டுமென்றே அழைத்து வரப்பட்ட வண்ணத்துப்பூச்சிகளும் உண்டு. அழகுக்காக நடப்பட்ட உண்ணிச்செடி மேய்ச்சல் நிலங்களை மூடியபோது, ஆல்பர்ட் கோபலே என்னும் பூச்சியியலார் 1902இல் மெக்சிகோ சென்று அச்செடியைத் தின்னும் பூச்சிகளைத் தேடி அனுப்பினார். அவற்றுள் இரு சிறு வண்ணத்துப்பூச்சிகளும் இருந்தன. களையைப் பூச்சியால் அடக்கும் முறையின் உலகளாவிய தொடக்கங்களுள் அதுவும் ஒன்று. நம் பகுதியிலிருந்து சென்றதும் ஒன்றுண்டு. வாழையிலையைச் சுருட்டி அதனுள் வெண்பொடி பூசிக் கிடக்கும் புழுவை மலேசியத் தோட்டத்தார் அனைவரும் அறிவர். தென்கிழக்காசியாவின் அப்பூச்சி 1973இல் ஹவாயை அடைந்தது.

உதவிக்கு வந்த குளவிகள்

அயலினம் இயலினத்தைக் கெடுக்கும் வழிகள் பல. சில வெளிப்படையானவை. ஹவாயின் வடமேற்கில் உள்ள லேசன் தீவுக்கு 1903இல் முயல்கள் கொண்டுவரப்பட்டன. இருபதாண்டுகளில் அவை தீவின் பசுமையைத் தின்று மணலாக்கின. அங்கு மட்டுமே வாழ்ந்த அந்துப்பூச்சிகள் மறைந்தன. அப்பூச்சிகளைத் தின்று வாழ்ந்ததால் ஆங்கிலத்தில் அந்துப்பூச்சியின் பெயரையே பெற்றிருந்த சிறு பறவையும் அவற்றோடு மறைந்தது. எறும்பறியாத நாட்டிற்குப் பின்னாளில் கப்பலேறி வந்த எறும்புகள், தற்காப்பறியாத புழுக்களை வாரிச் சென்றன.

வெளிப்படையல்லாத வழியே நம் சிந்தனைக்கு உரியது. குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்று நம் முன்னோர் சொல்லி வந்தனர். ஆசான் மாணவனைத் தன்னைப்போல் ஆக்குவதற்கு அதனை உவமையாக்கினர். உவமை அழகியது. உண்மையில் நிகழ்வதோ, புழுவைக் குளவியின் குஞ்சு தின்று வளர்தல். ஒட்டுண்ணிக் குளவிகள் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஊர்ந்துகொண்டிருக்கும் புழுவின் உடலுக்குள்ளேயே முட்டையிடுகின்றன. உள்ளிருந்து தின்று வெளிவருவது குளவி, புழு மாள்கிறது.

ஹவாயில் கரும்புத் தோட்டங்கள் விரிந்தபோது, ஓமியோடிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த இயல் அந்துப்பூச்சியொன்று கரும்பிலையைச் சுருட்டத் தொடங்கியது. மண்ணுக்கு உரியதே பயிருக்குப் பகையாயிற்று. படைப்புழுக்களும் மேய்ச்சல் நிலங்களைத் தாக்கின. அவற்றை அடக்க, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பல நாடுகளின் ஒட்டுண்ணிக் குளவிகளும் ஈக்களும் தருவிக்கப்பட்டன. நச்சுமருந்து தெளிப்பதைவிட அது மேலான வழி என்பதில் ஐயமில்லை; பயிருக்குப் பயனும் விளைந்தது. ஆனால், குளவிக்குத் தோட்டத்தின் எல்லை எது, காட்டின் எல்லை எது என்று தெரியாது.

கவாயி தீவின் அலக்காய்ச் சதுப்புநிலம் உயர்ந்த மலைமேல் உள்ளது, மழை மிக்கது, தோட்டங்களுக்கு அப்பாற்பட்டது. அங்குள்ள இயல் அந்துப்பூச்சிகளின் புழுக்களைச் சேகரித்து வளர்த்து, அவற்றிலிருந்து வெளிவரும் ஒட்டுண்ணிகளை லாரா ஹென்னமனும் ஜேன் மெம்மட்டும் எண்ணினர். 2001இல் வெளியான அவர்தம் முடிவின்படி, அவ்வொட்டுண்ணிகளுள் 83 விழுக்காடு பயிர்காக்கத் தருவிக்கப்பட்டவை; 14 விழுக்காடு தற்செயலாக வந்தவை; 3 விழுக்காடு மட்டுமே இயலினம். மனிதர் அரிதாகவே காலடி வைக்கும் காட்டில், நல்லெண்ணத்தோடு அனுப்பியவர்களே பெரும்பான்மை! அவ்வாறு காணப்பட்டவை அனைத்தும் 1945க்கு முன் விடுவிக்கப்பட்டவை என்பதையும் நடுநிலையோடு சொல்ல வேண்டும். பிற்காலத்தில் ஓர் உயிரியை விடுவிக்குமுன் அது வேறெவற்றைத் தாக்கும் என்று சோதிக்கும் நெறி வலுப்பெற்றது. முன்னர் விட்டதைத் திரும்பப் பெறத்தான் வழியில்லை.

புகையிலை மரத்தில் ஒரு புகலிடம்

இதுவரை கூறியதைக் கொண்டு, அயலினத்தை எல்லாம் அகற்றினால் போதும் என்று ஒருவர் முடிவுகட்டலாம். பிளாக்பர்ன் அந்துப்பூச்சி அம்முடிவைத் தடுத்து நிறுத்துகிறது. 12 சென்டிமீட்டர் வரை இறகு விரிக்கும் இப்பூச்சி ஹவாயின் இயற்பூச்சிகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 1876 முதல் சில ஆண்டுகள் ஹொனலுலுவில் சமயப்பணியோடு பூச்சி சேகரிப்பும் செய்த தாமஸ் பிளாக்பர்னின் பெயரைத் தாங்கியது. சாம்பல்நிற உடலின் இருமருங்கும் செம்மஞ்சள் பொட்டுகள் வரிசையாக அமைந்திருக்கும்.

அதன் புழு, கத்தரி, தக்காளி, புகையிலை ஆகியன அடங்கிய குடும்பத்து இயல் மரமாகிய அயேயாவை உண்டு வாழ்ந்தது. வறண்ட தாழ்நிலக் காடுகள் மேய்ச்சலுக்கும் கட்டடங்களுக்கும் அழிக்கப்பட, அயேயாவும் அருகியது. 1970களில் இப்பூச்சி முற்றும் அழிந்தது என்றே கருதினர். 1984இல் மாவி தீவின் வறண்ட சரிவொன்றில் மீண்டும் கண்டனர். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நடுவணரசின் அருகிவரும் உயிரினப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. ஹவாய்ப் பூச்சிகளுள் அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் பூச்சி இதுவே.

இன்று அதன் புழுவை எங்கே காணலாம் எனில், பெரும்பாலும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த புகையிலை மரம் என்னும் களைச்செடியில். சாலையோரத்திலும் இடிந்த கட்டட மண்ணிலும் அது தானே முளைத்து வளரும். தாய்மரம் அருகிப்போன நிலத்தில், களை செவிலியாயிற்று. இதனால் நிலத்தைச் சீர்செய்வோர் அக்களையை வெட்டுமுன், அதில் முட்டையோ புழுவோ உள்ளதா என்று இலை இலையாகப் பார்க்க வேண்டியுள்ளது. களையை விட்டுவைத்தால் இயற்காடு மீளாது. வெட்டினால் பூச்சிக்கு உணவில்லை. அயேயாக் கன்றுகள் வளர்ந்து மரமாகும் வரை இரண்டையும் சேர்த்தே தாங்கிக்கொள்வதன்றி வேறு வழி தென்படவில்லை.

முன்னர்க் குறித்துவைத்த சிலந்திகளை இங்கே நினைவுகூர்வோம். 15 சதுர கிலோமீட்டருக்குள் ஒடுங்கிய அப்புழுவுக்கும் அயற்சிலந்தியின் வலையே இன்று வீடு. ஆகவே, 'எங்கிருந்து வந்தது' என்பது ஆய்வின் முதல் வினா மட்டுமே. எதனைத் தின்கிறது, எது அதனைத் தின்கிறது, அது இல்லையேல் எவை மாளும் என்னும் வினாக்களுக்கு விடை காணாமல், இயலினம் நல்லது அயலினம் தீயது என்று வகுப்பறையில் எழுதிப்போடுவது மாணவர்க்குத் தவறான கணக்கைக் கற்பிப்பதாகும்.

ஹவாயில் பணி நடந்துகொண்டிருக்கிறது. கமேஹமேஹா வண்ணத்துப்பூச்சியை எங்கெங்கே கண்டோம் என்று பொதுமக்களும் மாணவர்களும் தெரிவிக்க, பல்கலைக்கழகத்தார் வரைபடம் அமைக்கும் முயற்சி 2013இல் தொடங்கியது. அப்பூச்சிகளைக் கூண்டில் வளர்த்து, மாமக்கி நட்ட காடுகளில் விடுவதும் நிகழ்கிறது. அழிந்தன என்று பட்டியலிடப்பட்டிருந்த ஓமியோடிஸ் இனங்களுள் சில, உணவுச்செடியை அறிந்து தேடியவர்க்கு மீண்டும் கிடைத்துள்ளன. கவாயியின் பசுமைநிறப் பேரந்துப்பூச்சி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதன்முதலாகக் கிடைத்த பின், பல பத்தாண்டுகள் ஒருவர் கண்ணிலும் படாதிருந்து மீண்டும் தோன்றியது. இன்றும் மிகச் சிலரே அதனை உயிரோடு கண்டவர். ஹிப்போஸ்மோகோமாவிலோ, புழுவும் உறையும் கையில் கிடைத்தும் இன்னும் பெயர் பெறாத இனங்கள் பல உள்ளன. இரவில் மலைக்காட்டில் வெள்ளைத்துணி கட்டி விளக்கேற்றிக் காத்திருக்கும் ஆய்வாளர் ஒவ்வொரு முறையும் சிலவற்றைச் சிறு குப்பிகளில் இட்டு எண் ஒட்டி வைக்கின்றனர்; அவ்வெண்களே இப்போதைக்கு அவற்றின் பெயர்.